மறதி நோயும் கைக்கலைகளும்

கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டில் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்குத்தொகை, கடன், வைப்பு ஆகியவை காசு பிசகாமல் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவருடைய கையில் ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் தொழில்திறனைப் பதிவு செய்யும் ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. அவர் முதுமையுற்று, நினைவு தளர்ந்து, பெற்ற மகளின் பெயரைக்கூட மறக்கத் தொடங்கும்போது, அந்தத் திறனும் அழிந்துவிட்டதாகவே வீட்டார் கருதுகின்றனர். தறிப்பக்கம் வராதே என்கின்றனர். களத்துக்குப் போகாதே என்கின்றனர். திண்ணையின் ஒரு மூலையே அவருடைய உலகமாகிவிடுகிறது.

இங்ஙனம் ஒதுக்கிவைப்பது சரிதானா? நினைவு போனபின்னும் கையில் எஞ்சியிருப்பது எது? அதனைக் கொண்டு அம்முதியவருக்கு ஆறுதல் அளிக்க வழியுண்டா? இவ்வினாக்களை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள நெசவாளரும் உழவரும் தத்தம் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்கவற்றை மட்டும் இங்கே எடுத்துக் கூறுகிறோம்.

1. நோயின் இயல்பு

வயது ஏற ஏறச் சிறிது மறதி உண்டாவது எல்லோர்க்கும் பொது. கூலி வாங்கிய நாளை ஒருவர் மறந்துபோய், எழுத்தர் எடுத்துக் கூறியதும், "ஆமாம், அன்று மழை பெய்துகொண்டிருந்தது" என்று தெளிவாராயின் அது முதுமையின் இயல்பு. வாங்கிய கூலியை வாங்கவேயில்லை என்று ஒவ்வொரு நாளும் சங்கத்தின் வாயிலில் வந்து நிற்பாராயின் அது நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். இத்தகைய புகார்களை விசாரிக்கச் செல்லுங்கால், பட்டுவாடாப் பதிவில் புகார் கூறியவருடைய கையொப்பமே இருக்கக் கண்டிருக்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தரும் ஏமாற்றவில்லை. அன்றைய நாள் அவர் நினைவில் பதியவேயில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில மருத்துவத்தில் டிமென்ஷியா எனப்படும் இந்நோய்க்கு வகைகள் பல. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக மருத்துவர் சபையில் விவரித்தமையால் அவர் பெயரே அதற்கு அமைந்தது. மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுறுவதால் வரும் வகையும் உண்டு. எவ்வகையாயினும் இது மூளையின் நோய். பித்தன்று, பேயன்று, முன்வினைப் பயனுமன்று.

நோயின் அளவை நோக்குவோம். 2023ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர். நகரத்தாரைக் காட்டிலும் கிராமத்தாரிடையே விகிதம் மிகுதி. ஆடவரைக் காட்டிலும் பெண்டிரிடையே மிகுதி. அறுபது கடந்த அங்கத்தினர் 100 பேர் உள்ள சங்கத்தில், அச்சராசரியின்படி ஏழு பேராவது இருப்பர். அவர்கள் யார் என்பதைச் சங்க நிர்வாகிகள் எண்ணிப் பார்ப்பது நன்று.

ஏழை நாடுகளில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் அருகியே இருந்தது. 1998ஆம் ஆண்டில் கொச்சியில் கூடிய அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சிக் குழுவை நிறுவி, அதற்குப் "பத்தின்கீழ் அறுபத்தாறு" என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நோயுற்றோருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, அந்நாடுகளில் நடந்த ஆராய்ச்சியோ நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதே அப்பெயரின் கருத்து. நம் சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக்களங்களாக அமைந்தன.

2. நினைவு மங்கியபின் எஞ்சி நிற்பது

நினைவு என்பது ஒரே பெட்டியில் பூட்டிவைத்த பொருளன்று. நேற்று யார் வந்தார், காலையில் என்ன உண்டோம் என்பன ஒருவகை நினைவு. பாவின் அறுந்த இழையைப் பிணைப்பது, நாற்றை விரலிடுக்கில் பிரித்து நடுவது, மல்லிகையைக் கண்ணால் பாராமலே தொடுப்பது ஆகியவை வேறொரு வகை நினைவு. முதல் வகைக்கு ஆதாரமான மூளைப்பகுதி பொட்டுப் புறத்தின் உட்பக்கத்தில் உள்ளது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது அதனையே. கைப்பழக்கத்துக்குரிய பகுதிகள் மூளையின் ஆழத்திலும் பின்புறத்துச் சிறுமூளையிலும் உள்ளன. அவற்றை நோய் பொதுவாகப் பிந்தியே அணுகுகின்றது. ஆதலின் பேரனின் பெயர் தெரியாத பாட்டி புள்ளி பிசகாமல் கோலம் இடுவது வியப்பன்று.

இசையும் இங்ஙனமே. பழகிய இசையின் நினைவுக்குரிய மூளைப்பகுதிகள் அல்சைமர் நோயில் நெடுங்காலம் ஓரளவு காக்கப்படுகின்றன என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2015ஆம் ஆண்டில் எழுதினர். பேச்சுக் குறைந்த முதியவர், இளமையில் பாடிய நடவுப் பாட்டின் முதலடியை யாரேனும் எடுத்துக் கொடுத்தால் தொடர்ந்து பாடுவதன் காரணம் இதனால் விளங்கும்.

ஆயினும் மிகைபடக் கூறுதல் தகாது. கைத்திறனும் நாளடைவில் தேயும். வில்லியம் அட்டர்மோலன் என்னும் ஓவியருக்கு 1995ஆம் ஆண்டில் அல்சைமர் நோய் எனத் தெரியவந்தது. அதன்பின்னும் அவர் சில ஆண்டுகள் தம் முகத்தைத் தாமே வரைந்து வந்தார். படத்துக்குப் படம் கோடுகள் தளர்ந்து, முகத்தின் அமைதி குலைவதை அவ்வோவியங்களில் காணலாம். கலை அவருடைய நோயைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆனால் பேச்சால் உரைக்க இயலாததை உரைக்கும் வாயாக அது அவருக்கு அமைந்தது. நாம் எதிர்பார்க்க வேண்டிய பயனும் இதுவே.

3. ஆராய்ச்சியிற் கண்ட பயன்

ஓவியம், இசை, கைவேலை, பழைய நினைவுகளைப் பேசுதல் ஆகியவற்றை முறையாக அமைத்து நோயாளருக்கு அளிக்கும் வழக்கம் பல நாடுகளில் வளர்ந்துள்ளது. இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது அறிவுத்தூண்டல் முறை எனலாம். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 201 நோயாளர் பங்குபெற்றனர். அவர்களுள் ஒரு சாராரைச் சிறு குழுக்களாகக் கூட்டி, வாரம் இருமுறை, ஏழு வாரங்களில் 14 அமர்வுகள் நடத்தினர். ஒவ்வோர் அமர்வும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். குழந்தைப் பருவம், உணவு, ஒலிகள், பணத்தைக் கையாளுதல், சொல் விளையாட்டு, கைவினை என ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். இவ்வமர்வுகளில் கலந்தவர்களின் அறிவு நிலையும் வாழ்க்கை நிறைவும் கலவாதவர்களைவிட மேம்பட்டிருந்தன.

அம்முறை நம் நாட்டுக்கும் வந்துள்ளது. சென்னையில் மருத்துவர் எம். சாரதா மேனன் 1984ஆம் ஆண்டில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனம், அதனைத் தமிழருக்கு ஏற்பத் திருத்தியமைக்கும் பணியில் ஈடுபட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைமையில் இந்தியா, பிரேசில், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வில் இந்தியாவுக்குரிய களம் சென்னையே. ஆங்கிலேயரின் உணவும் விளையாட்டும் பாட்டும் தமிழ் முதியவருக்குப் பயன்படா. அவரவர் வாழ்விலிருந்தே பொருளை எடுக்கவேண்டும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. இந்தப் பாடத்தின் சாரமும் அதுவே.

2023ஆம் ஆண்டில் இத்தகைய ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் தொகுப்பு, இலேசான அல்லது நடுத்தர நிலையிலுள்ள நோயாளருக்கு இம்முறையால் அறிவுத் தேய்வு ஏறத்தாழ ஆறு மாதம் பின்தள்ளப்படுவதற்கு ஒப்பான சிறு நன்மை உண்டெனக் கூறிற்று. இசைவழிச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் தொகுப்பு கூறுகிறது. ஓவியச் சிகிச்சையைப் பற்றி அதே ஆண்டில் வெளிவந்த தொகுப்பில் தக்க ஆய்வுகள் இரண்டே கிடைத்தன. அவற்றைக் கொண்டு முடிவு கூற இயலாது என்று அதனை எழுதியோர் உரைத்தனர்.

ஆகவே நம் அங்கத்தினர் இரண்டு செய்திகளை உறுதியாகக் கொள்ளவேண்டும். கலைகளால் நோய் குணமாகாது. ஓவியத்தாலோ, இசையாலோ, எண்ணெயாலோ மறதி நோயைப் போக்கிவிடுவதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் ஏமாறவேண்டா. அதே சமயம், குணமாகாது என்பதால் பயனில்லை என்றும் எண்ணவேண்டா. நாளின் ஒரு மணி நேரமேனும் முதியவர் அமைதியாக இருப்பதும், வீட்டாருடன் சிரிப்பதும், தாம் இன்னும் ஓர் ஆள்தான் என்று உணர்வதும் பெரும்பயன் அல்லவா?

4. நம் வட்டாரத்துக்கு ஏற்ற கலைகள்

நெசவாளர்க்கு: முதியவரைத் தறிக்குழியில் இறக்கிப் புடவை நெய்யச் சொல்வது பொருந்தாது. தவறினால் பாவு கெடும். அவர் மனமும் நோகும். ஆனால் சிட்டத்து நூலை ராட்டையில் தாராகச் சுற்றுவது, கழிவு நூலை நிறம் பார்த்துப் பிரிப்பது, துண்டுத் துணிகளை அடுக்கி ஒப்பிடுவது ஆகியவை அவர் கைக்கு எளியவை. இரண்டு வண்ண நூலை முன்னால் வைத்து, "கரைக்கு எது எடுக்கும்?" என்று கேளுங்கள். வாழ்நாள் முழுதும் வண்ணம் தேர்ந்தவருடைய கண் விடை சொல்லும். பழைய புடவையின் கரையை விரலால் தடவிப் பார்ப்பதே பலருக்குப் பேச்சைத் திறந்துவிடும்.

உழவர்க்கு: பலவகை விதைகளைத் தட்டில் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். வேர்க்கடலையை உடைத்தல், கீரை ஆய்தல், தொட்டியில் விதை ஊன்றி நாள்தோறும் நீர் வார்த்தல், பூத்தொடுத்தல் ஆகியவையும் நல்லன. படி, மரக்கால் போன்ற பழைய அளவைகளைக் கையில் கொடுத்தால் அவற்றோடு சேர்ந்த கதைகளும் வெளிவரும். மண்ணின் ஈரமும் விதையின் மணமும் சொல்லுக்கு எட்டாத நினைவைத் தொடும்.

பெண்டிர்க்கு: கோலத்துக்கு நிகரான பயிற்சி வேறில்லை. புள்ளி எண்ணுவது அறிவுக்கும், மாவு இழைப்பது விரலுக்கும், முடிந்த வடிவம் கண்ணுக்கும் வேலை தருகின்றன. குனிய இயலாதவர்க்குத் தட்டில் மணலைப் பரப்பிக் கொடுக்கலாம். பலகையில் சுண்ணக்கட்டியால் இடச் செய்யலாம். இழை தவறினால் திருத்தவேண்டா. அவர் விரும்பி நிறுத்திய இடமே கோலம் முடிந்த இடம்.

கடற்கரை ஊர்கள்: மாமல்லபுரத்தில் உளியோசை இன்றும் ஓயவில்லை. அங்கே 1957ஆம் ஆண்டில் சிற்பப் பயிற்சி நிலையமாகத் தொடங்கியதே இன்று அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. அவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நினைவு தளர்ந்த முதிய சிற்பியிடம் உளியையும் சுத்தியலையும் கொடுப்பது அபாயம், கல்தூசும் ஆகாது. ஆனால் பிசைந்த களிமண்ணைக் கொடுத்தால் கை தானே உருவம் தேடும். வழவழப்பாக்கிய சிறு சிலையைக் கையில் கொடுத்துத் தடவச் செய்தாலும் போதும். மீனவ முதியவர்க்கு வலைக்கண்ணைப் பின்னும் முடிச்சும், கரைவலை இழுக்கும்போது பாடிய பாட்டும் அங்ஙனமே உதவும்.

பாட்டும் கூத்தும்: தெருக்கூத்துக்குப் பேர்போனது இந்த வடபகுதி. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்தை விடியவிடியக் கண்டவர்களே இன்றைய முதியோர். கூத்துப் பாட்டையோ, அவர்களின் வாலிபத்தில் வந்த திரைப்பாட்டையோ கைப்பேசியில் மெல்லிய ஒலியில் வைத்து, உடன் அமர்ந்து கேளுங்கள். ஓடவிட்டு ஒதுங்கிப் போவதால் பயன் குறைவு.

பழைய வீடுகள்: நம் மாவட்டத்து முட்டுக்காட்டில், கடலோரச் சாலையில், 1996ஆம் ஆண்டு முதல் தட்சிணசித்ரா என்னும் காட்சியகம் நடைபெற்று வருகின்றது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே எழுப்பியுள்ளனர். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும், தஞ்சை உழவர் வீடும் அவற்றுள் அடங்கும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்துப் பழைய நகர்க் காட்சியகத்தில், மறதி நோயுற்றோர் தம் இளமைக்காலத்து வீட்டைப் போலவே அமைந்த அறைகளில் அமர்ந்து காபி அருந்திப் பழங்கதை பேச ஏற்பாடு செய்துள்ளனர். நம் முதியவர்களையும், நோயின் தொடக்க நிலையிலேயே, கூட்டம் குறைந்த நாளில் முட்டுக்காட்டுக்கு அழைத்துச் செல்லலாம். திண்ணையும் முற்றமும் தறியும் கண்டு அவர்கள் நமக்கு வழிகாட்டிகளாகிவிடுவர்.

5. கைக்கொள்ள வேண்டிய விதிகள்

முதலாவது, மருத்துவரைக் கண்டு நோயை உறுதி செய்தல். தைராய்டுக் கோளாறு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். அவற்றுள் பலவும் சிகிச்சைக்குக் கட்டுப்படும். செங்கற்பட்டில் 1965ஆம் ஆண்டில் தொடங்கிய அரசினர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. சென்னை கிண்டியில் முதியோர்க்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கண்ணும் காதும் சோதிக்கப்படுதல் வேண்டும். கண் தெரியாதவர் முன் கோலமாவை வைத்துவிட்டு அவர் மறந்துவிட்டார் என்பது அநியாயம்.

இரண்டாவது, தேர்வு வைக்காதிருத்தல். "நான் யார், சொல் பார்க்கலாம்" என்று உறவினர் வந்து கேட்பது பெரும் வன்மம். "நான் உங்கள் தம்பி மகன், வந்திருக்கிறேன்" என்று கூறிவிட்டால் போதும். நூலைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்பதைவிட, இது அழகாயிருக்கிறதா என்று கேட்பது மேல்.

மூன்றாவது, நேரமும் இடமும் மாறாதிருத்தல். முதியவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் அரை மணி முதல் முக்கால் மணி வரை போதும். அவர் எழுந்தால் விட்டுவிடுங்கள். அழுதால் கையைப் பற்றிக்கொண்டு உடன் இருங்கள்.

நான்காவது, பாதுகாப்பு. ஊசி, கத்தரி, சாயப்பொடி, பூச்சிமருந்து ஆகியவை கைக்கெட்டாத இடத்தில் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, மதிப்பு. எழுபது வயதுத் தொழிலாளியைக் குழந்தையெனக் கொஞ்சுவது அவருக்கு இழிவு. அவர் சுற்றிய தார் தளர்ந்திருந்தாலும் அதனை அவர் கண்முன் பிரித்தல் கூடாது.

ஆறாவது, இதனை வேலையாக்காதிருத்தல். தார் சுற்றினால் ஆறுதல் என்றோம். ஆதலால் நாளைக்கு நாற்பது தார் சுற்றட்டும் என்று கணக்கிடத் தொடங்கினால் மருந்தே நஞ்சாகிவிடும். முதியவரின் கை உழைத்து ஓய்ந்த கை. இப்போது அது விளையாடவேண்டும்.

6. சங்கத்தின் கடமை

இந்நோயின் பாரத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே. மருமகளோ மகளோ மனைவியோ, இரவில் உறக்கமின்றிப் பகலில் தறியிலும் வயலிலும் உழைக்கின்றார். ஒரே கேள்விக்கு நாளெல்லாம் விடை கூறிச் சலித்துக் கடிந்துகொண்டால் அவரைப் பழிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. தனியொரு குடும்பத்தால் தூக்க முடியாததைப் பலர் கூடித் தூக்குவதற்கே கூட்டுறவு ஏற்பட்டது.

சங்கக் கட்டடத்தின் கூடம் வாரத்தில் ஒரு முற்பகலேனும் காலியாக இருக்கும். அங்கே ஐந்தாறு முதியோரைக் கூட்டி, கழிவு நூலும் கோலமாவும் பாட்டும் கொண்டு ஒரு மணி நேரம் கழிக்கலாம். அவர்களுள் நோயற்ற மூத்த அங்கத்தினர் இருவர் இருந்து நடத்துவது சிறப்பு. அந்த ஒரு மணி நேரம் வீட்டுப் பெண்மணிக்கு ஓய்வு. இதற்காகும் செலவு தேநீரும் சுண்டலும் தவிர அதிகமில்லை; துணைவிதிகள் இடங்கொடுக்குமளவில் பொதுநல நிதியிலிருந்து நிர்வாகக் குழு தீர்மானித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தெளிவு குன்றிய அங்கத்தினரிடம் பிறர் கடனுக்குப் பிணைக் கையொப்பம் வாங்குவதைக் குழுவினர் அறவே தவிர்க்கவேண்டும். அவர் தெளிவாக இருக்கும்போதே பங்கு, வைப்பு ஆகியவற்றுக்கு வாரிசுதாரர் நியமனத்தைப் பதிவு செய்துவைப்பது அவருக்கும் நலம், சங்கத்துக்கும் நலம்.

உதவி வேண்டுவோர் முதியோர் உதவித் தொலைபேசி 14567, மனநல ஆலோசனைத் தொலைபேசி 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

(1) இயல்பான மறதியையும் மறதி நோயையும் எவ்வாறு வேறுபடுத்துவீர்?

(2) உம் வீட்டு முதியவரின் கைக்கு மிகப் பழகிய தொழில் யாது? அதன் எப்பகுதியை அபாயமின்றி அவரிடம் கொடுக்கலாம்?

(3) உமது சங்கக் கூடம் வாரத்தில் எந்த முற்பகலில் காலியாக இருக்கும்? அதனைப் பொறுப்பேற்று நடத்தத்தக்க மூத்த அங்கத்தினர் இருவர் யாவர்?

மூன்றாவது வினாவுக்கு உரிய விடையை அடுத்த குழுக் கூட்டத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவைக்குமாறு நிர்வாகிகளை வேண்டுகிறோம்.